பின்னணியை வெட்டாதீர்கள்

அடையாறு முகத்துவாரத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் விடியற்காலையில் பெரிய லென்ஸோடு வரும் நண்பர்களுக்கு,

நமக்குள் பாதிப் பேருக்குப் பாதிப் பேரின் பெயர் தெரியாது. முகம் தெரியும், முகத்தைவிட லென்ஸ் நன்றாகத் தெரியும். பள்ளிக்கரணை ரேடியல் ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு முக்காலியை விரிக்கும்போது தலையை ஆட்டிக்கொள்வோம். "ஏதாச்சும் இருக்கா சார்?" என்று கேட்டால், "பெருசா ஒண்ணும் இல்ல, பவளக்காலிதான் நிக்குது" என்று பதில் வரும். அந்தப் "பவளக்காலிதான்" விஷயமாகத்தான் இந்த மடல்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எப்போதும் எடுக்கும் படங்களை எடுங்கள். கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு படம், அதே பறவையைப் பின்னணியோடு சேர்த்து எடுங்கள். அடுக்குமாடி, குப்பை, மின்கம்பம், மேம்பாலம் எது இருந்தாலும் இருக்கட்டும். எடுத்ததை வெட்டாமல், துடைக்காமல், தேதியோடு பத்திரப்படுத்துங்கள். இதற்கு ஏன் ஒரு மடல் என்றால், நம் ஆட்கள் செய்யவே செய்யாத வேலை இது. ஆயிரக்கணக்கில் படம் எடுத்துக் குவிக்கிறோம். அதில் பறவை எந்த ஊரில் நிற்கிறது என்று தெரிகிற படம் தேடினாலும் கிடைப்பதில்லை.

600 மி.மீ. லென்ஸ் என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதன் பார்வைக்கோணம் சுமார் மூன்றரைப் பாகை. சுற்றிலும் தெரியும் அடிவானத்தில் நூறில் ஒரு பங்குதான் சட்டத்துக்குள் வருகிறது. பதினைந்து மீட்டர் தூரத்தில் நிற்கும் பறவைக்கு எஃப் 4-ல் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் ஒரு சாணுக்கும் குறைவு. மீதியெல்லாம் பாலாடை மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்த மீதியில்தான் பெருங்குடிக் குப்பைமேடு இருக்கிறது, பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கின்றன, வேளச்சேரி இருக்கிறது. படத்தைப் பார்க்கிறவருக்குப் பறவை பரத்பூரில் நிற்கிறதா பள்ளிக்கரணையில் நிற்கிறதா என்று தெரிய வழியில்லை. இதைத்தான் நாம் "கிளீன் பேக்ரவுண்ட்" என்று சொல்லிப் பாராட்டிக்கொள்கிறோம்!

பவளக்காலியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எங்கும் இருக்கிறது என்பதாலேயே நாம் பார்க்காமல் விட்டுவிட்ட பறவை. புறாவைவிட மெலிந்த உடம்பு. வெள்ளை வயிறு, கறுப்பு இறக்கை, ஊசிபோல நீண்டு மெலிந்த கறுப்பு அலகு, சிவந்த கண். அதற்குக் கீழே இளஞ்சிவப்பில் நம்பமுடியாத நீளத்துக்கு இரண்டு கால்கள். உடம்போடு ஒப்பிட்டுக் காலின் நீளத்தைக் கணக்கிட்டால் இதை மிஞ்சுகிறது பூநாரைதான் என்பார்கள். முதுகு பளபளக்கும் கறுப்பாக இருந்தால் ஆண், கொஞ்சம் பழுப்போடினால் பெண். நடக்கும்போது நடுவில் பின்பக்கமாக மடங்குகிறதே, அது முழங்காலல்ல, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. தரையில் கிடப்பதைக் கொத்த வேண்டுமானால் மொத்த உடம்பையும் முன்னால் சாய்த்துத்தான் குனிய முடியும். பறக்கும்போது அந்தக் கால்களை என்ன செய்வதென்று தெரியாததுபோல வாலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு, "கிக் கிக் கிக்" என்று ஊரைக் கூட்டிக்கொண்டு போகும்.

அந்த நீளமான கால்தான் அதன் பிழைப்பு. சின்ன உள்ளான்கள் ஈரச் சேற்றின் விளிம்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும்போது, இது கணுக்கால் முங்கும் தண்ணீருக்குள் இறங்கி நிதானமாக மேயும். நீரின் மேல்மட்டத்திலிருந்தும் அடிச்சேற்றிலிருந்தும் பூச்சி, புழு, சிறு நத்தை என்று பொறுக்கும். தண்ணீர் ஒரு சாண் ஏறினால் சின்ன உள்ளான்களுக்கு இடமில்லை, இதற்கு உண்டு. இரண்டு சாண் ஏறினால் இதற்கும் இல்லை. ஆகவே ஒரு பவளக்காலி நிற்கும் இடமே அன்றைய நீர்மட்டத்தைச் சொல்லிவிடும். கால் எதுவரை நனைந்திருக்கிறது என்பது படத்தில் தெரிந்தால் போதும். இந்த அளவுகோலைத்தான் வெட்டி எறிந்துவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கி மாட்டுகிறோம்.

இன்னொன்று. பவளக்காலி சாக்கடைக்கு முகம் சுளிக்காத பறவை. கழிவுநீர் தேங்கிய இடத்தில் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கக்கூடிய, கொசுவைப் போன்ற பூச்சிகளின் புழுக்கள் மண்டும், மீன் வளர்ப்பவர்கள் ரத்தப்புழு என்பார்களே, அந்த வகை. பவளக்காலிக்கு அது விருந்து. ஆகவே "பறவை இருக்கிறது, அதனால் ஈரநிலம் நன்றாக இருக்கிறது" என்ற கணக்கு இந்தப் பறவையிடம் பலிக்காது. காலை வெயிலில், பொன்னிறத் தண்ணீரில், தன் நிழலையே கொத்துவதுபோல நிற்கும் படம் ஒன்றைப் பார்க்கிறோம். அந்தப் பொன்னிறத்துக்குப் பத்தடி தள்ளிக் கழிவுநீர்க் குழாயின் வாய் இருக்கலாம். படம் அதைச் சொல்லாது. படத்துக்குக் கீழே "சொர்க்கம்" என்று எழுதி நெருப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போவார்கள். பறவையும் நிஜம், பொன்னிறமும் நிஜம். ஆனால் அந்த இடத்தைப் பற்றி அந்தப் படம் சொல்வது பொய்.

காலில் நைலான் நூல் சுற்றிக்கொண்டு நொண்டும் பறவையைப் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. அந்த நூலை வீட்டுக்கு வந்து லைட்ரூம் மென்பொருளில் ஹீல் பிரஷ்ஷால் துடைத்தவர்களும் உண்டு. நிஜக் காலிலிருந்து நூல் அவிழவில்லை, படத்திலிருந்து மட்டும் அவிழ்ந்தது. பால் கவர், தெர்மோகோல் துண்டு, மழைக்குப் பிறகு ஆற்றோடு இறங்கி வரும் ஆகாயத்தாமரை, எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இதனால் என்ன போயிற்று என்று கேட்கலாம். தி.நகரைப் பாருங்கள். பனகல் பார்க்கையும் பாண்டி பஜாரையும் சுற்றி வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அங்கே ஏரி இருந்தது தெரியும்? நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை, இன்றைய அண்ணா சாலைக்கு மேற்கே, நீளவாக்கில் ஒரு பெரிய நீர்ப்பரப்பு கிடந்தது. வெள்ளைக்காரர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள், அதில் படகுப் போட்டிகூட நடத்தினார்கள். 1920-களில் வீட்டுமனைத் திட்டத்துக்காக மாம்பலம் பகுதி ஏரியை வற்றவைத்து தியாகராய நகரை எழுப்பினார்கள். நுங்கம்பாக்கம் பக்கம் மிஞ்சியிருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் வந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னமும் இருக்கிறது, லேக்தான் இல்லை. அந்த ஏரியில் பவளக்காலி நின்றிருக்காதா? ஆழமில்லாத ஏரி, கோடையில் விளிம்பு வற்றும் ஏரி, நின்றிருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. கையில் இருப்பதோ பழைய வரைபடங்கள். ஏரிக்கரையும் பறவையும் பின்னால் மாம்பலத்துத் தோப்பும் சேர்ந்து தெரியும் ஒரு படம் இருந்தால் என்ன விலை கொடுக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்து மனிதர்கள் கையில் கேமரா அரிது என்று அவர்களை மன்னித்துவிடலாம். நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

பள்ளிக்கரணைக்கு வருவோம். 1960-களில் சுமார் 5,000 ஹெக்டேருக்குப் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு நிலம், குப்பைமேடு, ரேடியல் ரோடு, ரயில், ஐ.டி. வளாகம், அரசு நிறுவனங்களின் வளாகம் என்று ஆளாளுக்குக் கடித்ததுபோக, இன்று அதில் சிறு பங்காகக் கிடக்கிறது. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் 1,247 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்பு ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் ஏறியது. அதற்குப் பிறகும் எது சதுப்பு, எது பட்டா என்ற வழக்கு ஓயவில்லை. எல்லையைத் தரையில் அளந்து முடிக்கும்வரை சுற்றியுள்ள ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி கூடாது என்று 2025-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சொல்ல வேண்டியிருந்தது. இந்த மாதிரி வழக்குகளில் கேட்கப்படும் கேள்வி மிக எளிமையானது: இந்த இடத்தில் தண்ணீர் நின்றதா, எந்த மாதம், எதுவரை? அதற்குச் செயற்கைக்கோள் படம் உண்டு, சர்வே எண் உண்டு. ஆனால் பத்து வருடமாக வாரந்தோறும் அதே ரோட்டோரத்தில் நின்றவர்கள் நாம். நம்மிடம் கேட்டால் எதை நீட்டுவோம்? பறவையின் கண்ணில் சூரியன் மின்னும் படத்தை நீட்டலாம். நீதிபதி ரசிப்பார், வேறென்ன செய்வார் பாவம்.

கெட்ட சேதிக்கு மட்டும்தான் பின்னணி தேவை என்றும் இல்லை. பெருங்குடிக் குப்பைமேட்டைச் சலித்துப் பிரித்து அப்புறப்படுத்தும் வேலை சில வருடங்களாக நடக்கிறது. மேட்டின் தோற்றமே மாறிவிட்டது. பழைய படங்களில் அந்த மேடு பின்னால் தெரிந்திருந்தால், அது தாழ்ந்ததை வரிசையாக வைத்துக் காட்டியிருக்கலாம். அதையும் நாம் மங்கலாக்கிவிட்டோம்.

அடையாற்றில் நடந்தது இன்னும் நுட்பமானது. முகத்துவாரத்திலிருந்து குயிபிள் தீவைச் சுற்றி ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் உள்ளே வரும் கழியில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டித் தூர்த்தார்கள். பிறகு 58 ஏக்கரைச் சீரமைத்து, 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். நல்ல காரியம், சந்தேகமில்லை. முகத்துவாரத்திலும் சீரமைப்பு நடந்தது, அலையாத்திக் கன்றுகள் நட்டார்கள். அலையாத்தி என்றாலே கைதட்ட வேண்டும் என்று நமக்குப் பழகிவிட்டது. ஆனால் பவளக்காலிக்கும், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் உப்புக்கொத்தி, பச்சைக்காலிகளுக்கும் வேண்டியது மரமல்ல, வெட்டவெளியான சேறு. நாலு பக்கமும் பார்வை போகிற இடத்தில்தான் அவை நிம்மதியாக மேயும். பருந்து வருவது தெரிய வேண்டும். சேற்றுத்திட்டு இருந்த இடத்தில் புதர் ஏறினால் கொக்குக்கும் மீன்கொத்திக்கும் லாபம், உள்ளான்களுக்கு நஷ்டம். எவ்வளவு திட்டு போயிற்று, எவ்வளவு மிஞ்சியது என்று வாதாட நமக்கு ஆசை உண்டு. ஒரே இடத்திலிருந்து வருடாவருடம் எடுத்த படம் இல்லாமல் அந்த வாதம் டீக்கடையைத் தாண்டாது.

முகத்துவாரத்துக்கு ஒரு தனிக்குணமும் உண்டு. ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் கடல் மணலை வாரிக் கொண்டுவந்து வாயை அடைக்கும். அடைத்துவிட்டால் ஏற்ற வற்றம் உள்ளே வராது. தண்ணீர் குளம்போலத் தேங்கி, திட்டுகள் முங்கி, பறவைகள் வேறு இடம் பார்க்கும். எந்திரத்தை வைத்து மணலை அள்ளி வாயைத் திறந்துவிட்டால் சேறு மறுபடி வெளியே தெரியும், பறவையும் திரும்பும். சீனிவாசபுரத்திலும் ஊரூர் ஆல்காட் குப்பத்திலும் கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டால் வாய் திறந்திருக்கிறதா என்று உடனே சொல்வார்கள். நம் ஆட்களோ "இந்த சீசன் டல்லுங்க" என்று பறவையின் மேல் பழியைப் போட்டுவிட்டு மாதவரத்துக்கு வண்டியைத் திருப்புவார்கள்.

உங்கள் மறுப்பு எனக்குக் காதில் விழுகிறது. முதல் மறுப்பு, இந்த மாதிரிப் படத்துக்கு யார் பரிசு கொடுப்பார்கள் என்பது. இன்றைக்கு யாரும் கொடுக்கமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நம் போட்டிகளுக்கு நடுவராக உட்காருகிறவர்களும் நம்மைப்போலவே பாலாடைப் பின்னணியில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் திறமை எதில் அதிகம் வேண்டும்? பறவையின் கண்ணைப் பிடிக்க இப்போது கேமராவே கற்றுக்கொண்டுவிட்டது. பறவை சிறியதாக, ஊர் பெரியதாக, இரண்டும் ஒன்றையொன்று விழுங்காமல் ஒரே சட்டத்தில் நிற்க வைப்பதை எந்த கேமராவும் நமக்காகச் செய்து தராது. மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) தானே சேர்த்துக் கட்டிய ஒரு கேமராவுக்கு "சூப்பர் பாண்டரோசா" என்று பெயர் வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே கடைசிவரை படம் எடுத்தவர். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-லிருந்து இறக்கும்வரை பத்தி எழுதினார். யானைக்குக் காட்டிய அதே அக்கறையைக் காக்கைக்கும் அணிலுக்கும் காட்டினார். மா. கிருஷ்ணனைத் தெருவுக்குத் தெரு மேற்கோள் காட்டும் நாம், அவருடைய அந்த ஒரு குணத்தை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது மறுப்பு கனமானது. பின்னணி தெரிந்தால் இடம் தெரிந்துவிடும், கூடு இருந்தால் கூட்டம் சேரும். உண்மை. பவளக்காலி கோடையில் திறந்தவெளியில்தான் கூடு வைக்கும். சேற்றுமேட்டில் கொஞ்சம் புல்லும் சுள்ளியும் கூட்டி, பெரும்பாலும் நான்கு முட்டை. முட்டையின் புள்ளிகள் மண்ணோடு கலந்துவிடும், காலை வைத்த பிறகுதான் தெரியும். ஆணும் பெண்ணும் மாறி மாறிச் சுமார் மூன்றரை வாரம் அடைகாக்கும். மே மாத வெயிலில் அடைகாப்பது என்றால் முட்டைக்குச் சூடு கொடுப்பது என்று பொருளல்ல, சூட்டிலிருந்து காப்பது. தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின்மேல் உட்காரும், திரும்பப் போகும், திரும்ப வரும். நாம் முப்பதடியில் குப்புறப் படுத்துக்கொண்டு இருந்தால் அந்தப் பறவை தலைக்குமேல் கத்திக்கொண்டே சுற்றும். முட்டை வெயிலில் வேகும். "என்ன ஆக்‌ஷன் சார்!" என்று நாம் மெய்மறந்திருக்கும்போது நடப்பது இதுதான். சில சமயம் கூடே இல்லாத இடத்தில் உட்கார்ந்து அடைகாப்பதுபோல நடிக்கும், நம்மைத் திசைதிருப்ப. நடிப்பைப் பார்த்துவிட்டால் படம் எடுக்காமல் வந்த வழியே திரும்பிவிட வேண்டும்; அங்கே நம்மால் வேறு உபகாரம் செய்ய முடியாது. ஆகவே கூட்டின் படத்துக்கு இந்த மடல் பொருந்தாது. அகலமாகவும் வேண்டாம், நெருக்கமாகவும் வேண்டாம். தற்செயலாகச் சட்டத்தில் கூடு விழுந்துவிட்டால், குஞ்சு பறக்கும்வரை படம் உங்கள் வன்தட்டிலேயே தூங்கட்டும்.

இங்கேயே ஒரு சின்ன எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். காட்டுப் பச்சைப் புள்ளி போட்ட ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ரேடியல் ரோட்டில் நிற்கிறோமே, எதற்கு? பின்னால் இருப்பது கான்கிரீட். மறைய வேண்டுமானால் சிமெண்ட் நிறத்தில் ஒன்று தைத்துக்கொள்ள வேண்டும். பறவைக்கு நம் உடுப்பைவிட நம் நடைதான் தெரிகிறது. நேராக அதை நோக்கி நடந்தால் எந்த நிறமும் காப்பாற்றாது.

எப்படி எடுப்பது என்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. அடையாற்றில் திரு.வி.க. பாலத்து நடைபாதை நல்ல இடம். பாலம் முகத்துவாரத்துக்கு மேற்கே இருப்பதால் காலையில் கிழக்கே பார்த்தால் சூரியன் கண்ணில் குத்தும், பறவை நிழலுருவமாகத்தான் விழும். மாலையில் வெளிச்சம் முதுகுப்பக்கமிருந்து வரும். இடது பக்கம் எம்.ஆர்.சி. நகர், பட்டினப்பாக்கத்து அடுக்குமாடிகள், வலது பக்கம் தியாசாபிகல் சொசைட்டியின் மரவரிசை. ஒரு கட்டடமும் மரவரிசையின் ஒரு முனையும் சட்டத்தில் இருக்கட்டும். அடுத்த மாதம் அதே இரண்டையும் அதே மூலையில் பொருத்தினால் போதும், முக்காலிகூட வேண்டாம். 100-லிருந்து 200-க்குள் ஒரு ஜூம், எஃப் 8 அல்லது 11, பறவை சட்டத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் பவளக்காலி என்று யாரும் கண்டுகொள்வார்கள்; அந்தக் கால் அப்படி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் ஆழமாக இருக்கும். சென்னையில் ஏற்ற வற்ற வித்தியாசமே மொத்தத்தில் ஒரு மீட்டரைச் சுற்றித்தான், ஆனாலும் தட்டையான சேற்றில் அந்த அளவுக்கே ஏக்கர் கணக்கில் இடம் வெளியே வரும். வற்ற நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கேமராவின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். நம்மில் பலருடைய கேமரா இன்னமும் வாங்கிய நாட்டு நேரத்தில்தான் ஓடுகிறது.

எடுத்ததை ஈபேர்ட் இணையதளத்தில் பறவைப் பட்டியலோடு ஏற்றும்போது வாழிடப் படமாக இதையும் சேர்க்கலாம், அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். பொங்கல் சமயத்துப் பறவைக் கணக்கெடுப்பு 2015-லிருந்து நடக்கிறது. ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு அதற்கும் முன்பிருந்தே, 1987-லிருந்து நடக்கிறது. இரண்டிலும் எண்ணிக்கை எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. எண்ணிய அன்று தண்ணீர் எதுவரை நின்றது என்பதற்குப் படச் சாட்சிதான் குறைவு. வருகிற ஜனவரியில் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் டெலிபோட்டோவை வீட்டில் வைத்துவிட்டு வந்தால்கூடப் போதும்.

மூத்தவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978-ல் தொடங்கிய காலத்திலிருந்து அடையாற்றில் அலைந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அப்போது 600 மி.மீ. எட்டாக்கனி, 135, 200 லென்ஸை வைத்துக்கொண்டு பறவை புள்ளியாக விழுந்த ஸ்லைடுகளை "ஃபெயிலியர்" என்று பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரி மேல் ஏற்றியிருப்பீர்கள். அந்தத் தோல்விகள்தான் இப்போது வேண்டும். புள்ளியாகப் பறவை, அதைச் சுற்றிலும் எண்பதுகளின் முகத்துவாரம். பூஞ்சை பிடிப்பதற்குள் இறக்குங்கள். ஸ்கேன் செய்துதர இளையவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஸ்கேனரும் இருக்கிறது. ஸ்லைடின் அட்டையில் பென்சிலால் எழுதிய தேதி இருந்தால் அதை அழிக்காமல், அட்டையையும் சேர்த்தே கொடுங்கள்.

அன்புடன்,
பாலத்து நடைபாதையில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்பவன்